முன் படத்தில் சிரித்த செல்வராணி அக்கா

எங்கள் தொழிலில் சந்தோஷம் ஒரேயொரு நாள்தான், நிதி கிடைத்துவிட்டது என்ற கடிதம் வரும் நாள், மறுநாளிலிருந்து அறிக்கை. நான் கிளிநொச்சியில் ஒரு சின்ன நிறுவனத்தின் திட்ட அலுவலர். இதே மாதிரிக் கதிரையில் இருந்து அவதிப்படுகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதாக இராது. பூநகரிப் பக்கம் ஒரு மாதர் சங்கத்துக்கு ஆடு வளர்ப்புத் திட்டம். பாதிப் பேருக்கு முதலாம் கட்டத்தில் ஆடு. நிதி தரும் கொழும்பு அலுவலகம் இடைக்கால அறிக்கையை ஏற்றுக்கொண்டால்தான் மிச்சப் பேருக்கு.

இரண்டாங்கட்டம்

ஆடு கிடைத்தவர்களை 'முதலாங்கட்டம்' என்றும் கிடைக்காதவர்களை 'இரண்டாங்கட்டம்' என்றும் ஊரில் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள், ஏதோ குடும்பப் பெயர் மாதிரி. செல்வராணி அக்கா இரண்டாங்கட்டம். திருவுளச்சீட்டில் அவர் பெயர் விழவில்லை. ஆனால் கொட்டிலை முதலில் கட்டி முடித்தவர் அவர்தான். நான் போகும்போதெல்லாம் அதைக் கூட்டிக்கொண்டிருப்பார். ஆடில்லாத கொட்டிலை ஏனக்கா கூட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"வாற நேரம் குப்பையாக் கிடந்தால் அது என்ன நினைக்கும், தம்பி?"

ஒரேயொரு ஆண்

பயனாளிகள் பட்டியலில் ஆண், பெண் என்று ஒரு நிரல் உண்டு. சங்கச் செயலாளர் அது ஆட்டைப் பற்றிய கேள்வி என்று நினைத்து நிரப்பித் தந்தார். நானும் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். மாதர் சங்கத்துக்குள் ஓர் ஆண் எப்படி வந்தார், அவருடைய அடையாள அட்டை இலக்கம் எங்கே என்று கொழும்பிலிருந்து கேள்வி வந்தது. அது இனவிருத்திக்குக் கொடுத்த கிடாய். தலையில் கை வைத்துக்கொண்டு செயலாளருக்குப் போன் எடுத்தேன். அவர் அசரவேயில்லை.

"அடையாள அட்டை இல்லைத் தம்பி, காதில நம்பர் தொங்குது. அது காணுமோ?"

முன் படம்

அறிக்கையில் போட, ஆடு கிடைப்பதற்கு 'முன்', கிடைத்த 'பின்' என்று இரண்டு படம் வேண்டும். முன் படம் எடுக்க மறந்துபோனேன். (உங்களில் மறக்காதவர் கையை உயர்த்துங்கள்!) ஆடு வந்த வீடுகளில் ஆட்டை மறைக்கலாம், வந்த சந்தோஷத்தை எப்படி மறைப்பது? செல்வராணிக்கு இன்னும் வரவில்லைத்தானே, அவரை எடுங்கள் என்று செயலாளர் வழி சொன்னார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கொடுக்காமல் வைத்திருப்பவரையே கூப்பிட்டு, இல்லாததைக் காட்டச் சொல்கிறோம்.

அக்காவோ நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, வெறுங்கொட்டில் வாசலில் வந்து நின்றார். கொஞ்சம் கவலையாக நில்லுங்கள் என்றேன். தலையாட்டினார். போனைத் தூக்கியதும் பல் முழுக்கச் சிரித்தார். ஏழு படம் எடுத்தேன், ஏழிலும் சிரிப்பு.

"பின் படத்துக்கும் நான்தான் நிப்பன், இப்பவே சொல்லிப்போட்டன்."

விசாரணை

அறிக்கை திரும்பி வந்தது. தேவையுள்ளவர் ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று கேட்டு, இரண்டாம் கட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். என் மறதியால் அக்காவின் ஆடு போகப்போகிறதே என்று பயந்துபோனேன். நேரில் பார்க்கக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். நான் நீளமான விளக்கம் ஒன்றைப் பாடமாக்கி வைத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல் அக்காவிடமே கேட்டுவிட்டார். அக்கா விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

"ஆடில்லை எண்டுதானே எழுதினவை, பிள்ளை? பல்லில்லை எண்டு எழுதேல்லையே!"

பின் படம்

அந்த அம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே அக்காவுக்கு ஆடு வந்தது. பின் படம் எடுக்க ஓடினேன். பழைய சட்டை, கலைந்த தலை, கையில் ஆட்டுத் தீனிக்கு வெட்டிய குழைக்கட்டு, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. பக்கத்தில் ஆடு கத்திக்கொண்டு நின்றது. ஒருக்கால் சிரியுங்கள் அக்கா என்று கெஞ்சினேன்.

"சிரிச்சுக்கொண்டு நிண்டால் ஆர் தம்பி இதுக்குக் குழை வெட்டுறது? கெதியா எடுங்கோ!"

இறுதி அறிக்கை அச்சாகி வந்தபோது யாரோ ஒரு புத்திசாலி இரண்டு படங்களையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்; ஆகவே எங்கள் திட்டத்தின் சாதனை, ஆடும் முறைத்த முகமுமாக நின்ற செல்வராணி அக்காவிடமிருந்து ஆட்டை வாங்கிக்கொண்டு, வெறுங்கொட்டிலைக் கொடுத்து அவரைச் சிரிக்க வைத்ததுதான்.