நாட்டு விஷயம் கேட்க வந்தவர்

அன்று எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் இருந்தவர்கள்: தோட்டத்துத் துரை. ஜில்லா அதிகாரி. மொழிபெயர்க்கத் தோட்டத்து ஆபீஸ் கிராணி. சீமையிலிருந்து வந்த வெள்ளைக்காரர். பக்கத்து வீட்டு அக்கா. நான். என் மூன்று பிள்ளைகள். என் வீட்டுக்காரர் இல்லை.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார கவர்மெண்டு போட்ட அவசரகாலம் அது. கரங்கான் பக்கம் எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலியைத் தாண்டி ஒரு பிடி சோறும் போகக் கூடாது. காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடுமாம். என் வீட்டுக்காரர் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகையில் பழைய சோற்றை இடுப்பில் கட்டியிருந்தார். வேலிக் கதவில் பிடித்து டவுன் லாக்கப்பில் போட்டார்கள். அடுத்தது தடுப்பு முகாம் என்று பேச்சு. அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றப்பட்டவர்களும் உண்டு.

வந்த வெள்ளைக்காரர், வெளிநாட்டு விவகாரங்களை ஆராயும் ஒரு கழகத்து ஆள். எங்கள் மனசு எந்த நாட்டுப் பக்கம் என்று கேட்டு எழுத வந்திருந்தார்.

"பயப்படாதம்மா. இவரு கவர்மெண்டு ஆளு இல்ல," என்றார் கிராணி.

"கவர்மெண்டு ஜீப்புலதான வந்தாரு?" என்றாள் அக்கா.

"ஜீப்பு அவங்களுது. ஆளு வேற."

"நல்லா இருக்கு லா, உங்க கணக்கு!"

கிராணி என் பக்கம் திரும்பினார். "இந்தியாவுக்கும் இந்த நாட்டுக்கும் ஒத்துவரலன்னா நீ யார் பக்கம்?"

"அதெல்லாம் எங்க வீட்டுக்காரரத்தான் கேக்கணும், ஐயா. லாக்கப்புல இருக்காரு. அங்க போயிக் கேக்கச் சொல்லுங்க."

சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. வெளி விஷயத்துக்கு எங்கள் வீட்டில் அவர்தான் பேசுவார்.

கிராணி இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர் அதிகாரியிடம் ஏதோ கேட்டார். அதிகாரியின் முகம் சிவந்தது. என் வீட்டுக்காரர் மேல் என்ன குற்றம் என்று கேட்டாராம். பழைய சோறு என்று அதிகாரி சொல்ல வேண்டியதாயிற்று. இந்த வெள்ளைக்காரர் எழுதுவதை மந்திரிமார் படிப்பார்கள் என்று கிராணி என் காதில் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் அதே ஜீப் வந்தது. உள்ளே, முந்தின நாள் வந்தவர்களோடு என் வீட்டுக்காரர். இளைத்திருந்தார். படியில் உட்கார வைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள்.

"பசிக்குதுங்க. சாப்ட்டுட்டுச் சொல்றேன்," என்றார்.

"சோத்தாலதான உள்ள போனீங்க, அண்ணே. இன்னுமா சோறு?" என்றாள் அக்கா. துரையே சிரித்துவிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார். "புள்ளைங்க இங்கதான் பொறந்துச்சு. இந்தப் பக்கந்தான்."

வெள்ளைக்காரர் எழுதிக்கொண்டார். அதிகாரி கிராணியிடம் ஒரு வார்த்தை சொன்னார். ஜீப் கிளம்பியது. என் வீட்டுக்காரரை ஏற்றவில்லை.

"இனிமே போக வேணாம். கேசு இல்ல," என்றார் கிராணி.

நான் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். உலை வைத்தேன்.

அந்த வெள்ளைக்காரர் கவர்மெண்டு ஆளா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கேட்டார், என் வீட்டு ஆள் வந்தது.

சாயங்காலம் வேலிக் கதவைப் பூட்டுமுன் போலீஸ்காரர் வழக்கம்போல வீடு வீடாகத் தலை எண்ணி வந்தார். முந்தின நாள் வரை நான்கு எண்ணிய எங்கள் வாசலில் நின்றார். எண்ணினார்.

ஐந்து.