ஏழாவது லெவலில் கிடந்த மந்திரவாதி

கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள். கோடுகள் கூடினால் சுவர், கூடாவிட்டால் வழி. ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம் பூமிக்கு அடியில் லெவல் லெவலாக இறங்கிப் பிசாசுகளோடு சண்டை போட வேண்டும். இந்தக் கணினி விளையாட்டை நானும், எங்கள் தங்கச் சுரங்க ஊரின் பாலகாட் பகுதியில் இருக்கும் என் நண்பனும் முதலில் ஆடியது பள்ளி முடிந்த கோடை விடுமுறையில். அரையாண்டு விடுமுறை என்பான் அவன். அது தவறு. அந்த அரையாண்டு விடுமுறையில் அவனுக்கு அம்மை போட்டிருந்தது.

இன்று அவன் கோலாரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான், நான் தினமும் ரயிலில் பெங்களூர் ஆபீசுக்குப் போய் வருகிறேன். ஆனாலும் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக அதே ஊரில் நந்திதுர்க் பகுதியில் உள்ள என் வீட்டுக்கு வந்துவிடுவான். இப்போது லேப்டாப்பில் ஆடுகிறோம். புதிய விளையாட்டுகளில் புல்கூட அசைகிறது. ஆனால் செத்தவனைப் பழைய இடத்திலிருந்து மறுபடி எழுப்பி ஓடவிடுகிறார்கள். இதில் அப்படி இல்லை. நடந்தது நடந்ததுதான். ஆள் விழுந்த இடத்திலேயே கிடப்பான், நாம் போய்த் தூக்கி வரும்வரை. சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகளான எங்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

ஆயுத பூசைக்கு முந்தைய ஞாயிறன்று, நான் கறி வாங்கப் போயிருந்த நேரத்தில், நண்பன் தன் மந்திரவாதியைத் தனியாக இறக்கிப் பார்த்திருக்கிறான். பல வருடமாக வளர்த்த ஆள். ஏழாவது லெவலில் செத்துப்போனார். நான் திரும்பியபோது நண்பன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வாரம் முழுக்க ரயிலில் இருக்கும்போதெல்லாம் அவன் போன் வந்தது.

"ஆளு கீழ கெடக்குறாரு. நீ இன்னாடா, ஜாலியா ஆபீஸ் போயினுகிற."

அடுத்த ஞாயிறு மீட்புக்குப் புறப்பட்டோம். மீதி இருந்தது ஐந்து பேர். அதில் பூட்டுத் திறக்கும் திருடி என் மனைவியின் ஆள். சமையலறையிலிருந்தே அவள் உத்தரவு போடுவாள். நண்பன் ஆறாவதாக ஒரு புதுப் பையனைச் சேர்த்தான். கேங்கில் ஆள் குறைந்தால் எங்கள் அப்பாக்கள் சுரங்க ஷாஃப்டில் இறங்கமாட்டார்கள் என்றான். எனக்கும் அது சரியாகவே பட்டது. இருந்த மந்திரத்தையெல்லாம் செலவழித்து ஏழாவது லெவலை அடைந்து, மந்திரவாதியின் உடலைக் கண்டுபிடித்தோம். தூக்கிக்கொள்ளச் சொன்னதும் கூட்டத்தில் இடமில்லை என்றது கணினி. ஆறு பேருக்குத்தான் இடம், பிணமும் ஓர் ஆள் கணக்கு.

மேலே போய் ஒருவரை விட்டுவிட்டுத் திரும்புவோம் என்றேன். அவன் கேட்கவில்லை. இவ்வளவு கிட்டே வந்து அவரை இரண்டாம் தடவை விட்டுப் போகமுடியாதாம். புதுப் பையனை விடலாமா என்றேன். அவனுக்கு இது முதல் ஷிப்டு என்று நண்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, என்ன வுட்டுட்டுப் போங்க. அங்கயாவது உங்க ரெண்டு பேர் சத்தம் இல்லாம கொஞ்ச நேரம் குந்தினு இருக்கேன்."

அவளுடைய திருடியை இருட்டில் நிறுத்திவிட்டு, மந்திரவாதியோடு மேலேறி, விளையாட்டு ஊரில் உள்ள கோயிலுக்குப் போனோம். அங்கே பூசாரி மந்திரம் பலித்தால் உயிர், பலிக்காவிட்டால் சாம்பல். பொத்தானை நீயே அழுத்து என்று நண்பன் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அழுத்தினேன். எழுந்தார், ஒரே ஒரு புள்ளி உயிரோடு.

நண்பன் திரும்பிப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, பசிக்கிறது என்றான். சோறு தயார்தான், ஆனால் தன்னை மேலே கொண்டுவந்த பிறகுதான் பரிமாறுவதாக உள்ளேயிருந்து பதில் வந்தது. மறுபடி இறங்கினோம். சாப்பிடும்போது வெயில் சாய்ந்திருந்தது.

மந்திரவாதி இப்போது நலம். விளையாட்டு ஊரின் விடுதியில் ஓய்வெடுத்து முழு பலத்தோடு இருக்கிறார். ஆனால் நண்பன் அவரை இறக்குவதில்லை.

"அவரு பென்ஷன் ஆளுடா. உடு."

கடைசி லெவலில் இருக்கும் பகைவனை அவர் இல்லாமல் வெல்லமுடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஞாயிறுதோறும் முதலில் விடுதிக்குப் போய் அவரைப் பார்க்கிறோம். பிறகு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு, ஜெயிக்க வழியே இல்லாத அந்த விளையாட்டை ஆட உட்காருகிறோம்.