மஸ்கெலியாத் தண்ணீரில் ஒரு லயம்

வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்கு ராகலையில் பஸ் ஏறினேன். மடியில் ஒரு பித்தளைச் சட்டி. பைக்குள் பச்சரிசி, சர்க்கரை, இரண்டு சீப்பு வாழைப்பழம். என் மகள் கோமதி மஸ்கெலியாவில் புது வீட்டுக்குக் குடிபோகிறாள், சனிக்கிழமை காலையில் பால் காய்ச்ச நான் வர வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள். எங்கே வீடு என்று கேட்டதற்கு, "தண்ணியோரத்துலதாம்மா, டவுனுக்குக் கிட்ட" என்றாள். தண்ணீர்ப் பீலிக்குக் குடம் தூக்கி அலைய வேண்டியதில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கல்யாணமாகி ஆறு வருடமாக அவளும் மாப்பிள்ளையும் அவருடைய அண்ணனின் காம்பராவில், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறையில்தான் இருந்தார்கள். ஒரு காம்பரா, இரண்டு குடும்பம், நடுவில் ஒரு சேலை. மாப்பிள்ளை திரீவீலர் ஓட்டுகிறார், மகள் டவுனில் தையல் கடையில் இருக்கிறாள். இரண்டு பேர் பெயரும் தேயிலைத் தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் இல்லை. செக்ரோலில் பெயரில்லாதவர்களுக்குத் தோட்டத்தில் வீடும் இல்லை, வீடு கட்ட ஒரு முழ மண்ணும் இல்லை. மாப்பிள்ளை பிறந்தது, வளர்ந்தது, தாய் தகப்பனைப் புதைத்தது எல்லாம் அதே தோட்டத்தில்தான். அதெல்லாம் கணக்கில் சேராதாம்.

கந்தப்பளை வரைக்கும் பனிமூட்டம். நுவரெலியாவில் இறங்கி ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். டயருக்கு மேலேயுள்ள சீட்தான் கிடைத்தது. கண்டக்டர் பையன் சட்டியைத் தட்டிப் பார்த்து, "ஆத்தா, இதுக்கு ஒரு டிக்கட் எடுக்கணும், ஒரு ஆளு எடத்தப் புடிச்சிருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: "புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போறீங்களா? தோட்டத்துல குடுத்ததா?"

"இல்ல, சொந்தமா எடுத்தது" என்றேன். அவள் என்னை ஒரு தடவை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

தலவாக்கலை தாண்டி, நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவுகளில் டூரிஸ்ட் வேன்கள் வரிசையாக நின்றன. பத்து மணிக்கு ஹட்டன். அங்கிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். பாதைதான் இருபது, வளைவுக்குக் கணக்கில்லை. பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளை திரீவீலரோடு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்.

"வாங்கத்த. களைப்பா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். மாப்பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

டவுனைத் தாண்டி, அணைக்கட்டுக் குளத்தைச் சுற்றிப் போகிற பாதையில் இறக்கிவிட்டார். மேலே தேயிலை. கீழே, தண்ணீர் வற்றி இறங்கிய சேற்றுக்கு அப்பால், ஒரு படகு. நீளமாக, ஒடுக்கமாக, கறுப்பாக. தகரக் கூரை. வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். அதன் முனையில் என் மகள் நின்று கையாட்டினாள்.

நான் சுற்றிப் பார்த்தேன். வேறு வீடு எதுவும் இல்லை.

"எங்கடி வீடு?" என்று கத்தினேன்.

"இதாம்மா!"

கரையிலிருந்து போட்டிருந்த பலகைமேல் ஏறிப் போனதும் ஏச ஆரம்பித்தேன். மகளைத்தான் ஏசினேன், மாப்பிள்ளைக்குக் கேட்கும்படி. "ஒரு நாயி கூடப் படுக்கறதுக்கு மண்ணுல எடம் தேடும்டி. நீ தண்ணியில கொண்டாந்து கட்டிலப் போட்டிருக்க. ஏன்டி எங்கிட்டப் பொய் சொன்ன?"

"பொய் சொல்லலியே. தண்ணியோரம்னுதான சொன்னேன்."

"இது ஓரமாடி? நடுவு!"

மாப்பிள்ளை போனை எடுத்துக் காட்டினார். இங்கிலாந்தில் ஊருக்குள் கால்வாய் ஓடுகிறதாம். பழைய காலத்தில் அதில் நிலக்கரி ஏற்றிப் போன ஒடுக்கமான படகுகளில் இப்போது குடும்பங்கள் வாழ்கின்றனவாம். வாடகை கொடுக்க முடியாத பிள்ளைகள், வேலையை விட்டு ஓய்ந்த கிழவன் கிழவிகள் எல்லாம் அதில்தானாம். படத்தில் ஒரு வெள்ளைக்காரி படகுக் கூரையில் பூச்சட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்திருக்கிறது. இங்கே டூரிஸ்ட்டுகளைப் படகில் ஏற்றிச் சுற்றிக்காட்டிய ஒரு ஹோட்டல் மூடியதும், அந்தப் படகை வாங்கி, உள்ளே பலகை அடித்துத் தடுத்திருக்கிறார்.

உள்ளே போனேன். முன்னால் இஸ்தோப்பு மாதிரி ஒரு துண்டுத் திண்ணை. பிறகு அடுப்பு. பிறகு உட்கார ஒரு வாங்கு. பிறகு கட்டில். கடைசியில் கக்கூஸ். ஒன்றைத் தாண்டித்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். இது லயம்தானே! வெள்ளைக்காரன் எங்களுக்கு லயம் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். இப்போது அவன் ஊரிலேயே லயத்தைத் தண்ணீரில் விட்டுக் குடியிருக்கிறான், நாங்கள் அதையும் பார்த்துக் கட்டுகிறோம்.

ஒரு வாரமாக இருவரும் அதில் படுத்துப் பழகியிருக்கிறார்கள். பழகிய லட்சணத்தை மகள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். முதல் நாள் இரண்டு பேரும் ஒரே பக்கமாக நின்று ஜன்னலைத் துடைத்ததில் படகு சாய்ந்து, குழம்புச் சட்டி கவிழ்ந்ததாம். ஈரத்துணியை உள்ளே காயப் போட்டதில், விடிந்து பார்த்தால் கூரை வேர்த்து மெத்தையெல்லாம் சொட்டியிருக்கிறது. கூரையில் வெயிலில் கரண்ட் எடுக்கிற பலகை வைத்திருக்கிறார்கள், மஸ்கெலியாவில் வெயிலுக்கு எங்கே போவது? ஒரு ராத்திரி அணையில் தண்ணீரை இறக்கியபோது, கயிற்றை மரத்தில் இறுக்கிக் கட்டியிருந்ததால், தண்ணீர் கீழே போக, படகு ஒரு பக்கம் தூக்கில் தொங்கியிருக்கிறது. "இவரு என் தலமேல வந்து விழுந்தாரும்மா. கயித்துல கொஞ்சம் தளர்ச்சி விடணும்னு அப்பத்தான் வெளங்குச்சு."

"இங்கிலாந்துலயும் மொதல் மாசம் எல்லாரும் இப்புடித்தான் விழுவாங்களாம் அத்த" என்றார் மாப்பிள்ளை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. கோமதி அதைத் திறந்து மூடி, திறந்து மூடிக் காட்டினாள். ஆறு வருடம் சேலைக்குப் பின்னால் படுத்தவள். அதற்குப் பிறகு நான் ஏசவில்லை.

மாலையில் தோட்டத்து வாச்சர் வந்தார். செல்லையா என்று பெயர், மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஆள்தான். படகில் ஏறாமல் கரையில் நின்றபடியே பேசினார்.

"தம்பி, மரத்துல கயிறு கட்டக்கூடாதுன்னு பெரிய துரை சொல்லிட்டாரு. நாளைக்குக் காலைல அவுத்துறணும்."

"போட்டுக்கு லைசன்ஸ் இருக்குண்ணே."

"கயித்துக்கு இருக்கா?"

மாப்பிள்ளை கரையில் இறங்கிப் போய் மரத்தைக் காட்டினார். பட்டையில் கயிறு அறுத்த தடம், விரல் போகிற ஆழத்துக்கு. "ஹோட்டல்காரங்க இத்தன வருசமா இதே மரத்துலதான கட்டினாங்க? இதே போட்டு. இதே கயிறு. அப்ப துரைக்குக் கண்ணு தெரியலியா?"

"அது டூரிஸ்ட்டுக வந்து போறதுப்பா. நீங்க குடியிருக்க வந்தவங்க. இன்னிக்குக் கயிறு கட்டுவீங்க, நாளைக்குத் துணி காயப் போடக் கொடி கட்டுவீங்க, பெறகு ரெண்டு கோழி விடுவீங்க. அதுக்கப்பறம் ஒங்கள எடத்த விட்டு எழுப்ப முடியாதுன்னு துரை சொல்றாரு."

"சரி, மரம் தோட்டத்துது. இந்தச் சேறு?"

"சேறு அணைக்கட்டு ஆபீஸோடது. அவங்களக் கேட்டா தோட்டத்தக் கேளுன்னுவாங்க. நான் என்னா செய்ய? அவுக்கலேன்னா வெட்டச் சொல்லியிருக்காரு."

அன்று இரவு நான் மனதுக்குள் பேசிக்கொண்டேயிருந்தேன். இந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய மஸ்கெலியா டவுனே கிடக்கிறது. அணை கட்டி, கடை, கோயில், பாதை எல்லாவற்றையும் மூழ்கடித்தார்கள். வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் கோயில் கல் வெளியே தெரியும். ஓர் ஊரை மூழ்கடிக்க அவர்களால் முடிந்தது. இரண்டு பேர் மிதப்பதற்கு ஒரு கயிறு கட்ட விட முடியவில்லை.

சனிக்கிழமை ஆறரைக்கு அடுப்பு மூட்டினோம். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிய வேண்டும் என்று நான் சொன்னேன். மாப்பிள்ளை முந்தின நாளே படகைத் திருப்பி, அடுப்பு கிழக்கைப் பார்க்கும்படி கட்டி வைத்திருந்தார். முன் கயிறு சேற்றில் அடித்த இரும்புக் கம்பியில். பின் கயிறு மரத்தில். நான் கரையில் இறங்கி, சூரியன் வருகிற பக்கம் சரிதானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாச்சர் கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வந்தார். "வெட்ட வேணாம், அவுத்துர்றேன்" என்று மரத்தடியில் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். காற்று அடித்தது. படகின் பின்பக்கம் மெதுவாகக் கரையை விட்டு விலகித் திரும்பத் தொடங்கியது.

"அம்மா, அடுப்பு அணைக்கட்டுப் பக்கமாப் போகுது!" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள். "பாலு பொங்க வருதும்மா!"

கயிறு சேற்றில் பாம்பு போல ஓடியது. நான் அதை எட்டிப் பிடித்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கணுக்கால் வரை சேற்றில் புதைந்து, கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் சாய்ந்து நின்றேன். நாற்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த முதுகுதானே. படகு நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

"ஆத்தா, விடுங்க" என்றார் வாச்சர்.

நான் குதிகாலை இன்னும் ஆழமாக ஊன்றினேன்.

"ஆத்தா, எனக்குப் பேச்சு விழும்."

"மரத்துலதான கட்டக்கூடாது?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். "மரத்துலதான கட்டக்கூடாதுன்னாரு ஒங்க தொர? என் இடுப்பும் தோட்டத்துதா?"

அவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். உள்ளே மகள் குலவையிட்டாள். பால் கிழக்கே பொங்கியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை பலகையில் வந்து, "அத்த, நீங்கதான் மொதல்ல குடிக்கணும், வாங்க" என்று கூப்பிட்டார். நான் எப்படிப் போவது? விட்டால் படகு போய்விடும்.

"குடுங்க இங்க" என்று வாச்சர் என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். "போயி ஒரு வாய் குடிச்சிட்டு வாங்க. யாராவது பாத்து தொரகிட்டச் சொன்னா, நானும் ஒங்க போட்டுலதான் வந்து படுக்கணும். எனக்கு மட்டும் என்னா, சொந்தமா மரம் இருக்கா?"

மேலே பாதையில் ஒரு வேன் நின்றது. டூரிஸ்ட்டுகள் இறங்கி, படகையும் கயிற்றைப் பிடித்து நிற்கிற வாச்சரையும் படம் எடுத்தார்கள். ஒரு பெண் அழகு அழகு என்பது போலக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அவள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

வாச்சருக்கும் ஒரு டம்ளர் பால் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்குமேல் அவரைக் கெடுக்கக் கூடாது என்று, பத்து மணிக்கு மாப்பிள்ளை இஞ்சினைப் போட்டார். எதிர்க்கரையில் ஒரு ஒதுக்கம் இருக்கிறதாம். அங்கே வேறு தோட்டம், வேறு துரை. துரத்தும் வரைக்கும் அங்கே, பிறகு இன்னொரு இடம்.

"இங்கிலாந்துலயும் ரெண்டு வாரத்துக்கு மேல ஒரே எடத்துல நிக்க விட மாட்டாங்களாம் அத்த. மாறி மாறிப் போய்க்கிட்டேதான் இருக்கணும்" என்று சமாதானம் சொன்னார்.

அப்போதுதான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். "அங்க போற எடத்துல கட்டுறதுக்கு விடுவாங்க மாப்பிள்ள. அதுக்குப் பேரு பயணம். இதுக்குப் பேரு வேற."

அவர் சேற்றிலிருந்து இரும்புக் கம்பியைப் பிடுங்கிக் கழுவி உள்ளே வைத்தார். நான் கரையில் நின்றுகொண்டேன், படகு நகர்ந்தது. கோமதி முனையில் நின்று, நான் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கையாட்டினாள்.

பகல் பஸ்ஸில் ஹட்டன், நுவரெலியா என்று மாறி, இருட்டுவதற்குள் ராகலைக்கு வந்துவிட்டேன். என் காம்பராவின் கதவைத் திறந்து வாங்கில் உட்கார்ந்தேன். என் வீடு ஆடாது, கூரையிலிருந்து சொட்டினாலும் சுவர் கல்சுவர் என்று வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வந்தேன். உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். இந்தக் காம்பரா தோட்டத்தில் வேலை செய்கிற என் மகன் பெயரில் இருக்கிறது. அவன் நாளைக்கு மலைக்கு வேலைக்குப் போக முடியாது என்று செக்ரோலிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டால், இங்கேயும் ஒரு வாச்சர் வந்து நிற்பார். கோமதியைப் போகச் சொன்னார்கள், அவள் அடுப்பு, கட்டில், கதவு எல்லாவற்றோடும் போனாள். என்னைப் போகச் சொன்னால் நான் எதில் போவது? இருநூறு வருடமாகத் தோட்டத்து ஜனங்கள் நாங்கள் கட்டிப்போட்டபடியே கிடக்கிறோம், மிதக்கத் தண்ணீர்கூட இல்லாமல்.