கீழே ஒன்றுமில்லை என்றார் இத்தாலிக்காரர்

பாட்டென்றால் வரிகள் என்பார்கள் சிலர், குரல் என்பார்கள் சிலர். எல்லோரும் நல்லவர்கள்தான், எனக்குத்தான் அவர்களோடு பேச்சு ஒட்டாது. எனக்குப் பாட்டு தரையிலிருந்து கிளம்ப வேண்டும். காதுக்கு வருவதற்கு முன்னால் உள்ளங்காலுக்கு வந்துவிட வேண்டும். அதனால்தான் பாட்டுக்கு அடியில் கும்மென்று அதிரும் பேஸ் என்றால் எனக்கு உயிர்.

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுவது என் வேலை. ஒருநாள் மதியம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே டிரைவர்கள் என் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இயர்போனை மாட்டிக்கொண்டு விரல் போன போக்கில் போனதில் டப்ஸ்டெப் என்கிற எலக்ட்ரானிக் வகைப் பாட்டு ஒன்று சிக்கியது. டப்ஸ்டெப் என்றால் இரும்புப் பட்டறையில் ரம்பம் கத்துகிற மாதிரி இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது கத்தவே இல்லை. தாளம் உள்ளுக்குள் வேகமாக ஓடுகிறது, ஆனால் அடி பாதி வேகத்தில் நிதானமாக விழுகிறது. நடுவில் நிறைய காலி இடம். அந்தக் காலி இடத்துக்கு அடியில், யாரையும் கூப்பிடாமல், பேஸ் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் சரியாகி, வெளியே நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டும்வரை நான் நிமிரவில்லை.

இத்தாலியில் இருக்கும் ஒரு சின்ன லேபிளின், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தின், வெளியீடு அது. நடத்துவது இரண்டே பேர். ஒருவர் பாட்டைத் தேர்ந்தெடுப்பவர், இன்னொருவர் இசைத்தட்டின் அட்டை உறையில் கையால் முத்திரை குத்துபவர். உறையில் யார் முகமும் இருக்காது. பிரபலமானவர்களைத் தேடிப் போக மாட்டார்கள். எந்த ஊரிலிருந்து யார் அனுப்பினாலும் முழுதாகக் கேட்டுப் பதில் போடுவார்கள் என்று அவர்கள் வெப்சைட்டிலேயே எழுதியிருந்தது. ஒரு பாட்டில் மழைத்தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் மட்டுமே ரொம்ப நேரம் வரும். சரி, இவ்வளவுதான் போல என்று நாம் அலுக்கும் நேரத்தில் பேஸ் உள்ளே வரும். அந்தப் பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அதற்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அவர்கள் வெளியிட்டது ஒன்றுவிடாமல் வாங்கிக் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் டிரெய்லர் டிரைவர். பெட்டியைக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் விட்டுவிட்டுத் திரும்புவார். பெட்டி எந்தெந்த நாட்டுக்கோ போகும், இவர் துறைமுக கேட்டோடு திரும்பி டீக்கடைக்கு வருவார். அதில் அவருக்கு ஒரு குறை உண்டு, கேலியாகத்தான் சொல்வார். இத்தாலிப் பாட்டை முதல்தடவை கேட்டபோது, "அடுத்த வூட்ல மோட்டார் ஓடுற மாதிரி கீது" என்றார். ஒரு வாரம் கழித்து அதே பாட்டை முனகிக்கொண்டே ஷேவ் செய்தார்.

கேட்டுக் கேட்டு, நானே செய்து பார்த்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. லேப்டாப், இரண்டு சின்ன ஸ்பீக்கர், சமையலறையை ஒட்டிய மேஜை. ஹெட்போன் போட்டுக்கொள்ள முடியாது. தண்ணீர் லாரியின் ஹாரன் காதில் விழாமல் போனால் குடங்கள் காலியாக நிற்கும், தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கும். எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருந்து இரண்டு வீடு உள்ளே. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை அதே வேலைதான். மாதக்கணக்கில் செய்து ஒரு பாட்டை முடித்தேன். பேஸ் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஜாஸ்தியாகவே தோன்றியது. குறைத்தேன், மறுபடி கேட்டேன், மறுபடியும் குறைத்தேன். கடைசியில் அளவாக வந்துவிட்டது என்று தோன்றியதும் இத்தாலிக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது. வேறு வேறு ஊர்க்காரர்களின் நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு இசைத்தட்டு தயாராகிறதாம். மூன்று முடிந்துவிட்டதாம், நான்காவதாக என்னுடையதை வைக்க ஆசையாம். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அடுத்த வரியைப் படித்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். மேலே இருப்பதெல்லாம் அழகு, ஆனால் கீழே ஒன்றுமே இல்லை, பேஸை வேண்டுமென்றே விட்டுவிட்டீர்களா என்று கேட்டிருந்தார். தட்டில் பாட்டைப் பதிக்கும் நாள் நெருங்குகிறது, அதற்குள் வராவிட்டால் மூன்று பாட்டோடு போக வேண்டியதுதான் என்றும் எழுதியிருந்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உடனே பாட்டைப் போட்டுக் கேட்டேன். பேஸ் கும்மென்று இருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன், அவரும் நல்லாத்தான் கீது என்றார். உங்கள் காதில்தான் கோளாறு என்பதை இங்கிலீஷில் எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாக எழுதி அனுப்பினேன்.

வேறு யாராக இருந்தாலும் போடி என்று விட்டிருப்பார்கள். அந்த மனிதர் பொறுமையாக இப்படி எழுதினார்: என் காதில் தப்பிருக்கலாம் என்றுதான் அறையில் கேட்டேன், எங்கள் இசைத்தட்டுக் கடையில் கேட்டேன், காரில் கேட்டேன். மூன்று இடத்திலும் அதே கதைதான். நானே பேஸை ஏற்றிவிடலாம், ஆனால் உங்கள் பாட்டில் நான் கைவைக்க மாட்டேன், அது எங்கள் வழக்கம் இல்லை. உங்கள் பேஸை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். காத்திருக்கிறோம். இதைப் படித்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. வீட்டில் நிறைந்து வழிகிற பேஸ் இத்தாலி போனால் எப்படிக் காணாமல் போகும்?

அப்போதுதான் டிரெய்லர் ஸ்டிரைக் வந்தது. வாடகைப் பேச்சு முறிந்து, வண்டிகளை ரோட்டோரம் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். யார்டில் எனக்கும் வேலை இல்லை. முதல் நாள் காலையில் எழுந்ததும் வீட்டில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கரண்ட் போய்விட்டதோ என்று மேலே பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டீ போட்டுவிட்டுப் பாட்டை ஓடவிட்டேன், பேஸைக் காணோம். ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்து ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தேன். ஒயர் சரியாகத்தான் இருந்தது.

கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரர், "இன்னாது, இன்னிக்கு உம் பாட்டு சோகை புடிச்ச மாதிரி கீது?" என்றார்.

நான் அலமாரியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் லோடு வண்டி போகும்போதெல்லாம் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். கல்யாணமாகி வந்த புதிதில் தூக்கம் வராது, பிறகு காதுக்கே தெரியாமல் போய்விட்டது. அன்றைக்கு டம்ளர்கள் சும்மா இருந்தன. இத்தனை மாதமாக என் பாட்டுக்கு பேஸ் வாசித்தது ரோடு. அதோடு சேர்த்துக் கேட்டு, ஜாஸ்தி ஜாஸ்தி என்று என்னுடையதைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். ரோட்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மீதியை இத்தாலிக்கு அனுப்பியிருக்கிறேன். வெட்கத்தில் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன்.

ஏதோ ஒரு பேஸை ஒட்டி அனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. அந்தப் பாட்டு இந்த ரோட்டின் மேல் நின்ற பாட்டு, எனக்கு அதே பேஸ்தான் வேண்டும். ரோடோ ஸ்டிரைக்கில் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு ராயபுரம் போனார். மாதா கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டும் கூட்டாளியிடமிருந்து ஒரு பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். பிறகு தன் வண்டியை நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனார். எங்கள் சந்துமுனைதான் அது.

ஸ்டிரைக்கில் வண்டியை ஸ்டார்ட் செய்வது சின்ன விஷயமில்லை. எஞ்சின் உறுமியதும் சங்கத்துக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். கருங்காலி என்று ஒரு குரல்கூடக் கேட்டது. நான் வாசலுக்கு ஓடிவந்தேன். வீட்டுக்காரர் கீழே இறங்கி, வண்டி நகராது, வீட்டில் ஒரு பாட்டு வேலை நடக்கிறது, அதற்கு இந்தச் சத்தம் வேண்டும் என்று விளக்கினார். சங்கத் தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சக்கரம் உருளக் கூடாது நைனா," என்றார். "எஞ்சின் இன்னா வேணா கத்திக்கட்டும்."

அதோடு விடவில்லை. ஒரு வண்டி போதுமா என்று என்னிடம் கேட்டுவிட்டு, பின்னால் நின்ற இரண்டு வண்டிகளையும் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். டம்ளர்கள் பேச ஆரம்பித்தன. நான் உள்ளே ஓடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அது கையில் எப்படி அதிர்கிறது என்பதை மனசில் வாங்கிக்கொண்டு, எஞ்சின்களை நிறுத்தச் சொன்னேன். பிறகு அந்த ஸ்பீக்கர் பெட்டியில் பேஸைப் போட்டு, கம்பி அதே மாதிரி அதிரும்வரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அதிர்வு மறந்துபோனால் வாசலுக்கு வந்து கையசைப்பேன், வீட்டுக்காரர் மறுபடி ஸ்டார்ட் செய்வார்.

இரண்டாம் நாள் டிவியில் பேச்சுவார்த்தை என்றார்கள். அவருக்கு வேலை வேண்டும், எனக்கு அமைதி வேண்டும். இன்னும் ஒருநாள் இழுக்காதா என்று நினைத்த என் முகத்தை அவர் படித்துவிட்டார். "நீ முடிச்சிட்டு சொல்லு, அப்பால சமாதானம் ஆவச் சொல்றேன்" என்றார். முடித்து அனுப்பிய அன்று சாயங்காலம் ரோட்டில் வண்டிகள் ஓடத் தொடங்கின. பதிலாக இத்தாலியிலிருந்து ஒரே ஒரு வரி வந்தது: இப்போது வந்துவிட்டது.

தட்டு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் அதை வாசிக்க மெஷின் கிடையாது. மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். ஆனால் எனக்குப் பெரிது தட்டோடு வந்த கடிதம்தான். அதை வீட்டுக்காரருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கடையில் பத்துப் பேருக்கு முன்னால் உங்கள் பாட்டைப் போட்டோம், பேஸ் வந்ததும் ஒருவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வெளியே பார்த்தார், எங்கள் தெரு ரொம்பக் குறுகல், அதற்குள் யார் லாரியைக் கொண்டுவந்தது என்று கேட்டார், என்று எழுதியிருந்தார் அந்த இத்தாலிக்காரர்.

வீட்டுக்காரர் அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். தட்டை எடுத்து உறையில் இருந்த முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"அப்போ நம்ம வண்டி கேட்டைத் தாண்டிப் போயிட்ச்சு," என்றார்.

தட்டை மாதாவுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு லோடு ஏற்றப் போனார்.