டெல்லியிலிருந்து ஒரு மடி

என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தபோது தம்பி டெல்லியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ரயிலில் வந்தால் இரண்டு ராத்திரி. அவ்வளவு லீவு கிடைக்கவில்லை.

"ஃப்ளைட்ல வர்றேன் அக்கா. சென்னைக்கு மூணு மணி நேரங்கூட இல்லயாம்" என்றான்.

அதற்குமுன் அவன் விமானம் ஏறியதில்லை. நானோ அண்ணாந்து பார்த்ததோடு சரி. காலை ஆறுக்குக் கிளம்பினால் உச்சிக்குள் வந்துவிடலாம் என்று இருவரும் கணக்குப் போட்டோம். ரயில் என்றால் ஜோலார்பேட்டையில் இறங்குவான், எங்கள் மலைக்குப் பக்கத்தில். விமானம் சென்னையில் அல்லவா இறக்கிவிடும்? அது எங்கள் இருவர் புத்தியிலும் உறைக்கவில்லை. எங்கள் மலையூர் நெல்லிவாசல்நாடு முழுக்க, "எந்தம்பி மூணு மணி நேரத்துல பறந்து வர்றான்" என்று பீற்றிக்கொண்டேன்.

காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். அப்பா அம்மா போன பிறகு தாய்வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தவன் அவன் ஒருத்தன். அவன் வராவிட்டால் கேட்க நாதியற்றவள் ஆகிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

சொன்ன நேரத்துக்குச் சென்னையில் இறங்கிவிட்டான். அதற்கப்புறம்தான் கூத்து. பஸ் பிடித்துத் திருப்பத்தூர் வருவதற்குள் மலை பஸ் போய்விட்டது. ஷேர் ஜீப்போ ஆள் நிரம்பாமல் நகராது.

இங்கே நல்ல நேரம் கடந்தது. பந்தியும் முடிந்தது. கணவரின் அண்ணன் துண்டை உதறிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார்.

"கொழந்தையக் குடும்மா. எம் மடி இன்னா முள்ளா?"

"முள்ளுன்னு யாருங்க சொன்னாங்க? எந்தம்பி வர்றான். வந்தப்புறம் குத்தலாம்."

"நல்ல நேரம் போயிடுச்சே!"

"போனா போவுது. அவன் வர்ற நேரந்தான் நல்ல நேரம்."

காது குத்த வந்த ஆசாரிக்குக் கடைசி பஸ் கவலை. ஊசியைப் பெட்டிக்குள் வைக்கப் போனார். பெட்டியை இழுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். "ராத்திரி நம்ம வூட்லயே தங்குங்க, கோழி அடிக்கிறோம்" என்றேன். 'வுடேன்' என்று என் கணவர் கண்ணைக் காட்டினார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

வெயில் இறங்கும்போது வந்து சேர்ந்தான். ஜீப் பாதியில் இறக்கிவிட, மிச்சத்தை நடந்தே வந்திருக்கிறான். சட்டையெல்லாம் புழுதி. நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன். "வா" என்று செம்புத் தண்ணீரை நீட்டினேன்.

கால் கழுவிவிட்டு மணையில் உட்கார்ந்தான். மகளை அவன் மடியில் வைத்தேன். ஆசாரி ஊசியைத் தொடவே இல்லை, அதற்குள் வீறிட்டாள். பிறந்த வாரம் தூக்கியவன், பிறகு இன்றுதான் தொடுகிறான். அவளுக்கு அவன் யாரோ. அவன் முகத்தைப் பிறாண்டிவிட்டு, பெரியப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

தம்பியின் பிடி தளர்ந்தது.

"அவருகிட்டயே குடுத்துடு அக்கா. என்னை அதுக்குத் தெரியல."

அவன் கைகள் இரண்டையும் பிடித்து மகளைச் சுற்றி அழுத்தினேன்.

"தெரியாதுதான். கெட்டியாப் புடி. இப்பத் தெரிஞ்சிக்கட்டும்" என்றேன்.