தெருமுனையைத் தாண்டியும் நிற்காத பறை

சாவு ஊர்வலத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மந்தைவெளி ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம், கால்வாயை ஒட்டிய ஹவுசிங் போர்டில்தான் கல்யாணமான நாளிலிருந்து இருக்கிறேன். எத்தனையோ சாவுக்கு அந்த முனைவரை அழுதுகொண்டு போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். பூவும் பட்டாசும் மேளமும் ஆம்பளைகளோடு மேலே போய்விடும்.

என் வீட்டுக்காரர் அந்த மேளத்தில் பறை அடித்தவர். கெட்டிக்காரர், அதை இன்றைக்கும் சொல்வேன். முனையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சத்தம் சட்டென்று நிற்கும். தோல் தளர்ந்துவிட்டது, நெருப்பில் காட்டி இறுக்க வேண்டும் என்பார்கள். தோல் காய்கிற நேரத்தில் பாட்டில் திறக்கும், கப் கை மாறும். அடிக்கிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பதுதான் மரியாதையாம், நல்ல மரியாதை. முனையில் நிற்கிற எங்களுக்கு எதுவும் கண்ணில் படாது. ஆனால் மேளம் நின்றால் தெரிந்துவிடும். அந்த அமைதியைக் கேட்டுக் கேட்டே என் வயிறு எரிந்தது. கடைசியில் ஈரல் கெட்டு அவர் போனபோது என் பையன் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான்.

நான் தி. நகரில் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ் கேர்ள். நாற்பதைத் தாண்டினாலும் அங்கே கேர்ள்தான். பையனுக்குப் பள்ளிக்கூடம் சாயங்காலம் விட்டுவிடும், நான் கடை சாத்திய பிறகுதான் பஸ் பிடிக்க முடியும். நடுவில் இருக்கிற நேரத்தை யார் பார்த்துக்கொள்வது? பறக்கும் ரயில் படிக்கட்டுக்கு அடியில் எந்நேரமும் நாலு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். பீர் இருக்கும், மாத்திரை இருக்கும், இன்னும் என்னென்னவோ இருக்கும். பத்தாவது படிக்கும்போது ஒருநாள் என் பையன் வாயில் வாடை வந்தது. அவன் அப்பாவின் வாடை. அடித்தேன், அழுதேன், பேசாமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

பிறகு கொஞ்ச நாளில் வாடை நின்றது. நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அவன் பையில் பறைக்குச்சிகளைப் பார்த்துவிட்டேன். அடுத்த பிளாக்கில் இருக்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பறை பழகுகிறாளாம். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. வார விடுமுறை அன்றைக்கு நேராக அங்கே போய் நின்றேன்.

"இன்னாம்மா, ஒர்த்தர வாரிக் குட்த்தது பத்தாதா? இவனையும் குட்த்துடணுமா?"

அவள் கோபப்படவில்லை. "அக்கா, கொஞ்ச நேரம் குந்திக்கினு பாரு. அப்பால திட்டு."

உட்கார்ந்தேன். வட்டமாக நின்று அடித்தார்கள், அதில் பாதி பெண் பிள்ளைகள். ஓரத்தில் அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போட்டு நெருப்பு மூட்டியிருந்தது. தோல் தளர்ந்தவர்கள் இரண்டிரண்டு பேராக விலகி நெருப்பில் காட்டிவிட்டு வருவார்கள். அதுவரை அவர்கள் அடியையும் பக்கத்தில் இருப்பவர்கள் சேர்த்து அடிப்பார்கள். சத்தம் நடுவில் அறுந்துவிடக் கூடாது, அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. "யாருக்காவும் நிறுத்தக் கூடாதுக்கா. அதான் எங்க ரூல்" என்றாள் அவள்.

படிக்கட்டுப் பையன் ஒருத்தன் வந்து மதில் ஓரமாக நின்று என் மகனை "மச்சி, மச்சி" என்று கூப்பிட்டுப் பார்த்தான். இவன் தலையைத் திருப்பவே இல்லை. அலுத்துப்போய் அவன் போய்விட்டான். நான் எத்தனை அடி அடித்தும் நடக்காதது என் கண்முன்னால் சும்மா நடந்துகொண்டிருந்தது. திட்ட வந்தவள் திட்டாமலே எழுந்து வந்தேன். ஆனாலும், தொட்டிக்குப் பின்னால் அடிப்பது வேறு, சாவில் அடிப்பது வேறு என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சாவும் வந்தது. என் வீட்டுக்காரரோடு சேர்ந்து அடித்த கிழவர் எங்கள் பிளாக்கிலேயே தவறிப்போனார். இந்தப் பிள்ளைகளைத்தான் அடிக்கக் கூப்பிட்டார்கள். நான் பையனிடம் போகாதே என்றேன்.

"அப்பாவோட அடிச்சவரு மா. நானே போவலன்னா எப்டி?"



கடைக்கு லீவு போட்டுவிட்டு ஊர்வலத்தோடு நடந்தேன். முன்னால் போன ஆட்டோவில் பாட்டில்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. முனை வந்ததும் நாங்கள் நின்றோம். பறை மாட்டிய பெண் பிள்ளைகள் நிற்கவில்லை. யாரோ முணுமுணுத்தார்கள், அதுகள் காதில் வாங்காமல் அடித்துக்கொண்டே முனையைத் தாண்டிப் போயின. ஒருத்தி மட்டும் அட்டைப்பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நெருப்பு மூட்ட முன்னால் மிதித்துப் போனாள். என் மகனின் முதுகு கூட்டத்தில் மறைந்தது.

கிழவரின் மனைவி என் தோளில் சாய்ந்திருந்தாள். அவளும் என்னைப்போல எத்தனையோ வருஷம் அந்த முனையில் நின்றவள்.

"இப்ப நிக்கும் பாரு" என்றாள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மருந்துக்கடைத் திருப்பம் வந்திருக்கும், வழக்கமாக அங்கேதான் நிற்கும். நிற்கவில்லை. பாலம் ஏறியிருக்கும். அப்போதும் நிற்கவில்லை. ஒரு கணம் மெலிந்து கேட்டது, அடுத்த நொடியே பழையபடி நிறைந்தது. இரண்டு பேர் நெருப்புக்குப் போய் வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. அந்த அம்மா அழுகையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாடி இது, நிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

இரண்டு பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். சத்தம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, ஒரு இடத்திலும் அறாமல், தூரத்தில் கரைந்து போனது.

சாயங்காலம் பையன் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தான். பழக்கதோஷத்தில் நான் கிட்டே போனேன். அவனே சிரித்துக்கொண்டு என் மூஞ்சியில் ஊதினான். பசித்த வாயின் வாடைதான் இருந்தது.

"யாரும் குடுக்கலியாடா?"

"குட்த்தாங்கமா. வாயாண்டயே கொண்ணாந்து நீட்னாங்க."

"நீ இன்னா பண்ண?"

"ரெண்டு கையும் வேலையா கீதே, எப்டி வாங்கறது? சோறு போடு மா."

அவன் அப்பாவுக்கும் இரண்டு கையும் வேலையாகத்தான் இருந்தது. ஆனால் தோல் காய்கிற நேரத்தில் மேளம் நிற்காமல் அவர் அடியையும் சேர்த்து அடிக்கப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை என்று நினைத்துக்கொண்டே சோறு போட்டேன்.