ஊர்வலக் காரின் டேஷ்போர்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மனைவியின் அண்ணன் ஒரு கார் வாங்கினார். கார் அவருக்கு, பாடு எனக்கு என்று ஆயிற்று.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தல், நாற்காலி, சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் கேட்கிறார்கள் என்று, மதுரையில் யாரோ பழைய ஜீப்பின் சட்டத்தின் மேல் தகரம் அடித்துச் செய்திருந்த சீமைக் கார் மாதிரி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எட்ட நின்று பார்த்தால் வெள்ளைக்காரன் காலத்து வண்டிதான். உள்ளே ஏறி உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். டேஷ்போர்டு முழுக்க மழையில் உப்பிப்போன பிளைவுட். மீட்டர் இருக்க வேண்டிய இடங்களில் டப்பா மூடிகள். அவற்றில் எண்ணும் முள்ளும் பெயிண்டால் வரைந்திருந்தது. நிற்கிற வண்டி எப்போதும் நாற்பதில் போய்க்கொண்டிருந்தது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியன். "டேஷ்போர்டுல நீங்க கை வச்சா ஒரு ஞாயித்துக்கெழம வேலை, மாப்ள" என்றார் மச்சான். செலவு மட்டும் இழுத்துவிடக் கூடாதாம்.

எனக்கு நிஜ மீட்டர்கள் வைக்க வேண்டும். அவருக்குப் பளபளப்பு போதும்.

"ஊர்வலத்துல ஜனத்தோட நடந்து போற வண்டிக்கு ஸ்பீடு எதுக்கு?"

"பெட்ரோல் எம்புட்டுக் கெடக்குன்னாவது தெரியணும்ல, மச்சான்."

"குச்சிய விட்டுப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது."

அன்றைக்கே விட்டிருக்கலாம். விடவில்லை. ராஜபாளையத்துப் பழைய மரக்கடையில் இடித்த வீட்டுத் தேக்குக் கதவு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதை பஸ்ஸில் ஏற்றியதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை கண்டக்டரிடம் பேச்சு வாங்கினேன். மச்சானின் பந்தல் குடோனில் வைத்து அறுத்து, இழைத்து, மீட்டருக்கு வட்டம் வெட்டினேன். மூன்றாவது வட்டத்தை வெட்டும்போது, இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் இருந்த குறுகிய இடம் சத்தமில்லாமல் விண்டுபோனது. கோந்து போட்டு இறுக்கிக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்தேன்.

பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிய மீட்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வண்டியினுடையவை. பெட்ரோல் மீட்டர் ஏதோ வேனுடையது, டேங்குக்குள் கிடந்த மிதவை ஜீப்புடையது. இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. டேங்கை நிரப்பினால் முள் காலியில் போய் நின்றது. பெட்ரோல் குறையக் குறைய உற்சாகமாக மேலே ஏறியது. மச்சான் செத்த நேரம் குனிந்து பார்த்தார். "தலைகீழா வாசிச்சுக்கிட்டாப் போச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீப்புக்கே உரிய மீட்டர் கிடைப்பதற்குள் தீபாவளி வந்துவிட்டது. கிடைத்ததிலும் கண்ணாடியில் கீறல்.

பொறவு பாலிஷ். ஐப்பசி மழையில் அரக்கு பாலிஷ் பூசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. காய்வதற்குள் பலகை முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. உப்புத்தாள் போட்டுச் சுரண்டி மறுபடி பூசினேன். மறுபடி பூத்தது. "ஒங்களுக்கும் எங்க அண்ணனுக்கும் நடுவுல நான் எதுக்கு ஏச்சு வாங்கணும்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயந்தான். ஞாயிற்றுக்கிழமைகளின் கோபமெல்லாம் திங்கட்கிழமை அவள் மேல்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக வெயில் வந்த வாரத்தில் பாலிஷ் பிடித்தது. மீட்டர்களை மாட்டி, வயரை ஒழுங்காகக் கட்டி, சாவியைத் திருப்பினேன். முட்கள் லேசாக நடுங்கி, அதனதன் இடத்தில் போய் நின்றன. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலி எண்ணப் போய்விட்டார்.

கார்த்திகையில் முதல் கல்யாணம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாயங்காலம் குடோனுக்குப் போனேன். உள்ளே சுத்தியல் சத்தம். பூ அலங்காரக்காரர் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, என் தேக்குப் பலகையில் வரிசையாக அடித்துக்கொண்டிருந்தார். பாதிப் பலகை ஏற்கெனவே மல்லிகைக்குள் போய்விட்டது.

"என்னய்யா பண்ணுதீரு?"

ஆணிகளைக் கையில் துப்பிவிட்டுச் சொன்னார். "சரம் நிக்க வேண்டாமாண்ணே? எல்லா வண்டியிலயும் இப்படித்தான் அடிப்போம்."

மச்சானைப் பார்த்தேன். நல்ல நேரம் தப்பிவிடக் கூடாது என்று அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரதவீதியில் பாதி தூரம் போயிருப்போம். மல்லிகைக்குள்ளிருந்து புகை வந்தது. ஒரு ஆணி வயரைத் துளைத்திருந்தது. நான் குதித்து ஓடி, என்ஜின் மூடியைத் தூக்கி பேட்டரி வயரைப் பிடுங்கினேன். என்ஜின் நின்றது. நாதஸ்வரம் நிற்கவில்லை. கோட்டும் சூட்டுமாக இருந்த மாப்பிள்ளை, இதுவும் சடங்கில் ஒன்று என்பதுபோல அசையாமல் இருந்தார். அவருடைய மாமன்மார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபம்வரை தள்ளினார்கள். நானும் தள்ளினேன்.

மச்சானுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "சொந்தபந்தம் கூடித் தள்ளுனது ஒரு கவுரவமால்ல போச்சு, மாப்ள. ரெண்டு பேரு வண்டி கேட்டுட்டுப் போயிருக்காவ."

"இனி என்னைக் கூப்பிடாதிய" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறினேன். தை பிறக்கும்வரை அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை.

பொங்கலுக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனபோது மச்சான் என்னைக் குடோனுக்கு அழைத்தார். டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் பித்தளைக் கொக்கிகள் வரிசையாக இருந்தன. அவரே துளை போட்டு மாட்டியிருக்கிறார். ஒன்றுகூட நேராக இல்லை. துளையைச் சுற்றிப் பாலிஷ் பெயர்ந்திருந்தது.

"இனி சரத்த இதுல கட்டிக்கிடட்டும். ஆணி அடிச்சா வண்டி கெடையாதுன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் முழுசாக ஆறவில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு கொக்கி, நான் வயர் கொண்டுபோயிருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது.

"ஸ்க்ரூ டிரைவர் எங்க, மச்சான்?" என்று கேட்டேன்.